பழைய பிக்கப்பைத் திருத்துவதா, மாற்றுவதா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் உரப்பை, மத்தியானம் தண்ணீர்த் தாங்கி, இரவில் பாம்பு கடித்த பிள்ளையோடு கிளிநொச்சி ஆஸ்பத்திரி. எங்கள் பக்கத்தில் ஒரு பிக்கப்பின் வேலைநாள் இப்படித்தான் போகும். அது படுத்துவிட்டால் வீடே படுத்துவிடும். நான் ஒரு சிங்கிள் கப் (ஒற்றைக் கபின்) டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை 11 வருடம் வைத்திருந்தேன். இரண்டு தடவை பெரிய திருத்தம் செய்தேன், மூன்றாவது தடவை கைவிட்டேன். அதன் பிறகு கேட்டு வருகிறவர்களுக்கு வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

எஞ்சின் போய்விட்டது. இனி விற்றுவிடுவதுதானே நல்லது?

அவசரப்பட வேண்டாம். எஞ்சினைக் காசு கொடுத்து வாங்கலாம். கியர் பெட்டி, டிஃபரன்ஷியல் (அச்சிலுள்ள பல்சக்கரப் பெட்டி) எல்லாம் முழுசாகவே கிடைக்கும். வவுனியாவில் இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இருக்கும். கடையில் வாங்க முடியாத ஒன்று செசி, அதாவது முழு வாகனத்தையும் தாங்கும் அடி இரும்புச் சட்டம். வாகனத்தின் பதிவும் உரிமையும் செசி நம்பரில்தான் நிற்கின்றன. அதனால் எது பழுதானாலும் முதலில் கீழே படுத்துச் செசியைப் பாருங்கள். செசி நல்லதென்றால் மிச்சமெல்லாம் வெறும் கணக்கு. செசி போயிருந்தால், எஞ்சின் புதிதாகவே இருந்தாலும் அந்த வாகனத்தில் பெரிய காசு போடாதீர்கள்.

நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. எஞ்சின் நின்றதால் வாகனம் கராஜுக்கு வருகிறது, பேச்சு முழுக்க எஞ்சினைப் பற்றியே இருக்கிறது. நகையை அடகு வைத்து எஞ்சின் செய்து, ஒரு போகம் முடிவதற்குள் செசியோடு சேர்ந்த பின் ஸ்பிரிங் தாங்கி கிழிந்து திரும்பி வந்த வாகனங்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பங்களை நினைத்துத்தான் இதை முதல் கேள்வியாக வைத்தேன்.

செசியை எப்படிப் பார்ப்பது? மெக்கானிக் வேண்டுமா?

முதல் பார்வைக்கு வேண்டாம். ஒரு சின்னச் சுத்தியல், ஒரு திருப்புளி, ஒரு டோர்ச், படுக்க ஒரு சாக்கு போதும். முதல்நாள் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவிக் காய விடுங்கள். சேறு ஒட்டியிருக்கும்போது பார்த்தால் எல்லாச் செசியும் நல்ல செசிதான்.

சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே முன்னிருந்து பின்னுக்குப் போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உள்ளே உக்கிய இடம் மரத்தைத் தட்டியதுபோல் பொத்தென்று கேட்கும். அந்த இடத்தில் திருப்புளியை ஊன்றி அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் விடை கிடைத்துவிட்டது.

கூடுதலாகக் கவனிக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. பின் ஸ்பிரிங் செசியில் பிடிக்கும் முன் தாங்கியும் பின் ஷக்கிள் (அசையும் இணைப்பு) தாங்கியும், பின் அச்சுக்கு மேலே செசி வளைந்து ஏறும் இடம், கபின் முடிந்து சாமான் ஏற்றும் பெட்டி தொடங்கும் இடம், ஸ்டியரிங் பெட்டி பூட்டியிருக்கும் இடம். பெட்டி வடிவச் செசிக்குள் தண்ணீர் வடிவதற்குச் சின்னத் துளைகள் இருக்கும். கிரவல் சேறு அவற்றை அடைத்துவிட்டால் மாரியில் போன தண்ணீர் பங்குனி வரைக்கும் உள்ளேயே நிற்கும். செசி பெரும்பாலும் வெளியிலிருந்து அல்ல, உள்ளிருந்துதான் உக்கி வருகிறது.

பிறகு எழுந்து நின்று பக்கவாட்டில் பாருங்கள். கபினுக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள வெளி மேலேயும் கீழேயும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்தால் செசி பாரத்தில் தொய்ந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் இது சர்வசாதாரணம். ஒரு நெல்மூடை 65, 70 கிலோ வரும். ஒரு தொன் பிக்கப்புக்கு 15 மூடையோடு சரி. அறுவடை நேரத்தில் 25 மூடைக்குக் குறைவாக ஏற்றுகிறவர்கள் எத்தனை பேர்?

செசியில் வெடிப்பு இருக்கிறது. வெல்டிங்கில் ஒட்டினால் நிற்குமா?

சுற்றியுள்ள இரும்பு தடிப்பாக, நல்லதாக இருந்தால் நிற்கும். வெடிப்பின் முனையில் முதலில் ஒரு துளை போட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுக்குக் கீழாலும் வெடிப்பு ஓடிக்கொண்டே போகும். பிறகு ஒட்டி, மேலே தகடு வைத்து ஒட்ட வேண்டும். தகட்டின் ஓரத்தைச் செசிக்குக் குறுக்கே நேராக வெட்டாமல் சரிவாக வெட்டச் சொல்லுங்கள். நேராக வெட்டினால் தகடு முடிகிற கோட்டிலேயே அடுத்த வெடிப்பு வரும். பற்றரி வயரைக் கழற்றாமல் ஒட்ட விடாதீர்கள்.

உக்கி மெலிந்த இரும்பில் ஒட்டு பிடிக்காது, ஓட்டைதான் பெரிதாகும். ஒரு வெடிப்பு என்றால் திருத்தலாம். இரண்டு பக்கமும் உக்கல் என்றால் அந்த வாகனத்தில் ஆட்களை ஏற்றுவதை அன்றைக்கே நிறுத்துங்கள்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் ஏற்றுகிறேன். என் வாகனம் மட்டும் ஏன் இவ்வளவு கெதியாக உக்குகிறது?

கடல்காற்றும் காரணம்தான், ஆனால் பெரிய எதிரி மீன்பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீர். உப்பும் மீன்சாறும் கலந்த அந்தத் தண்ணீர் பெட்டித் தகட்டின் பொருத்துகளுக்குள்ளால் இறங்கி நேரே செசியில் சொட்டுகிறது. பரந்தனுக்கு வந்து சேர்வதற்குள் முழுச் செசியும் நனைந்துவிடும். பெட்டிக்குள் தடித்த தார்ப்பாய் விரித்து, தண்ணீர் ஒரு மூலையால் குழாய் வழியே வெளியே போகும்படி செய்யுங்கள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தை அடித்துக் கழுவுங்கள். மன்னார்ப் பக்கத்தவர்களுக்கும் இதே பேச்சுத்தான். மீன் வண்டியாக ஓடிய பிக்கப்பை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் சுத்தியல் இல்லாமல் வாங்கப் போகாதீர்கள்.

எஞ்சின் உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

புகையிலிருந்து தொடங்குவோம். கரும்புகை என்றால் டீசல் அதிகம், காற்றுக் குறைவு. பலநேரம் காற்று வடிகட்டியோ டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரோதான், சின்னச் செலவு. எங்கள் செம்மண் புழுதியில் வைகாசி முதல் புரட்டாதி வரை வடிகட்டியை மற்ற ஊர்க்காரர்களைவிட இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். வருட அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் விழுந்ததும் எஞ்சினைப் பிரிக்க ஓடுகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். நீலப்புகை என்றால் ஒயில் எரிகிறது. வெள்ளைப்புகை காலையில் மட்டும் வந்து நின்றால் எஞ்சினைச் சூடாக்கித் தொடக்கும் ஹீட்டர் பிளக்கைப் பார்க்கலாம். சூடான பிறகும் வந்து, ரேடியேற்றர் தண்ணீரும் குறைந்தால் எஞ்சினின் மேல்மூடியான ஹெட் அல்லது அதன் அடியில் வைக்கும் காஸ்கட்.

அடுத்து, எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். இலேசான ஆவி வரலாம். புகைவண்டிபோல் அடித்துக்கொண்டு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அதற்குமேல் ஒரு கிலோமீற்றர்கூட ஓட்ட வேண்டாம்.

முடிவைச் சொல்வது கம்பிரஷன் சோதனைதான், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பது. பழைய ஹைலக்ஸின் 2எல், 3எல் எஞ்சின்களில் நல்ல நிலையில் சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ அளவில் காட்டும். 20க்குக் கீழே போனால் எஞ்சின் பிரிக்க வேண்டியதுதான். நான்கு சிலிண்டரும் ஒரேபோல் குறைந்திருந்தால் பொதுவான தேய்மானம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 5 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் ஒரு வால்வோ ஒரு பிஸ்டனோ பிரச்சினை, அது சின்ன வேலையாகவும் முடியலாம். இந்தச் சோதனை செய்யாமல் "எஞ்சின் செய்யத்தான் வேண்டும்" என்று யாராவது சொன்னால், வாகனத்தை இன்னொருவரிடம் காட்டுங்கள்.

பிரித்துச் செய்வதா, யப்பானில் பாவித்த எஞ்சினை வாங்கிப் பூட்டுவதா?

நல்ல லேத் பட்டறையும் பொறுமையான மெக்கானிக்கும் கிடைத்தால் பிரித்துச் செய்வதே என் விருப்பம். உள்ளே என்ன போட்டோம் என்று தெரியும், எஞ்சின் நம்பரும் மாறாது. பாவித்த எஞ்சினில் நேரம் மிச்சம், ஆனால் அதன் கடந்தகாலம் யாருக்கும் தெரியாது. வாங்கினால் பற்றுச்சீட்டையும் இறக்குமதிப் பத்திரப் பிரதியையும் கையோடு வாங்குங்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் நம்பரை மாற்றிப் பதிய அவை வேண்டும். பதியாமல் விட்டால் விற்கிற நாளில் வந்து மறிக்கும்.

டைமிங் பெல்ட் நல்லாய்த்தானே இருக்கிறது, மாற்றவேண்டுமா?

மாற்றுங்கள். வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பிசகாமல் ஓட வைப்பது இந்தப் பெல்ட்தான். இதில் நான் பட்டிருக்கிறேன். வாகனம் வாங்கியபோது பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்றவருக்கும் தெரியவில்லை, "பார்க்க நல்லாய் இருக்கு" என்று விட்டுவிட்டேன். தம்புள்ளைச் சந்தைக்கு வத்தகைப்பழம் ஏற்றிக்கொண்டு மாங்குளம் தாண்டிப் போகும்போது ஒரு சத்தம், எஞ்சின் நின்றுவிட்டது. பெல்ட் அறுந்ததும் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிட்டன. வேறு வாகனம் பிடித்து ஏற்றுவதற்குள் பழம் சூடேறி, பாதிக்கு மேல் எறிய வேண்டியதாகிவிட்டது. ஹைலக்ஸின் எல் வரிசை டீசல் எஞ்சின்களுக்கும் மிட்சுபிஷி எல்200 பிக்கப்பின் 4டி56 எஞ்சினுக்கும் இந்தப் பெல்ட் உண்டு. 100,000 கிலோமீற்றர்தான் கணக்கு. எப்போது மாற்றியது என்று தெரியாத வாகனம் என்றால், கையில் வந்த கிழமையே மாற்றிவிடுங்கள்.

"திருத்தச் செலவு வாகன விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடு" என்கிறார்கள். சரியா?

எங்கள் நிலைமைக்கு அது நம்பக்கூடிய அளவுகோல் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் திறந்தார்கள். திறந்த பிறகும் சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, 18 சதவீத பெறுமதி சேர் வரி எல்லாம் ஏறித்தான் வாகனம் வெளியே வருகிறது. இடையில் பழைய வாகனங்களின் விலை ஏறிவிட்டது, இரும்பு மட்டும் அதே பழைய இரும்பு. விலை ஏறியதால் "பாதி விலை" என்பதும் பெரிய தொகையாகிவிட்டது. அந்த விதியை நம்பினால் உக்கின வாகனத்திலும் தாராளமாகக் காசு கொட்டலாம் என்று வரும்.

நான் மாதக் கணக்குப் போடுவேன். தொகைகள் விளக்கத்துக்கு மட்டும்: திருத்த 6 இலட்சம் ஆகிறது, அதன்பிறகு மூன்று வருடம் ஓடும் என்று வையுங்கள். மாதம் ஏறத்தாழ 16,700. மாற்றுவதென்றால் பழையதை விற்ற காசுக்கு மேல் 35 இலட்சம் போட வேண்டும், பத்து வருடம் ஓடும். மாதம் ஏறத்தாழ 29,200, வட்டி தனி. இதோடு நிறுத்தினால் திருத்துவதே இலாபம்.

ஆனால் வாகனம் நிற்கிற நாளையும் சேருங்கள். பழையது மாதத்தில் மூன்று நாள் படுக்கிறது, அந்த நாட்களில் வேறு வாகனத்துக்கு நாளுக்கு 6,000 கொடுக்கிறீர்கள் என்றால் 18,000 கூடுகிறது. திருத்தின வாகனத்தின் மாதச் செலவு 34,700 ஆகிவிடும். மாதத்தில் ஒரு நாள்தான் படுக்கிறது என்றால் 22,700தான், அப்போது திருத்துங்கள். ஆகவே பற்றுச்சீட்டுகளை மட்டும் சேர்க்காமல், வாகனம் எத்தனை நாள் நின்றது என்று ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். ஆறு மாதம் எழுதினாலே போதும், முடிவு தானாகத் தெரியும்.

எந்த நேரத்தில் செய்வது நல்லது?

அறுவடைக்கு நடுவில் எடுக்கிற முடிவு பெரும்பாலும் பிழையாகத்தான் போகும். தை கடைசியில் காலபோக நெல் வயலில் நிற்கும்போது வாகனம் படுத்தால், கிடைத்த விலைக்குக் கிடைத்ததை வாங்குவோம். நெல் விற்ற காசு கையில் இருக்கும் பங்குனி, சித்திரையில் செசியைப் பாருங்கள். திருத்துவதென்றால் ஆவணிக்குள் முடியுங்கள். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு செசி வேலையும் பூச்சு வேலையும் சரிவராது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகமும் செய்கிறவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் குறைவு, அதற்கேற்ப முந்திக்கொள்ளுங்கள்.

லீசிங்கில் புதிதாக ஒன்று எடுக்கலாமா?

மாதாமாதம் வருமானம் வருகிறவர் எடுக்கலாம். வயலை மட்டும் நம்பியிருப்பவருக்கு வருடத்தில் இரண்டு தடவைதான் காசு வருகிறது, சிலருக்கு ஒரு தடவைதான். லீசிங் பன்னிரண்டு தடவை கேட்கும். இந்தப் பொருத்தமின்மையால் வாகனத்தைப் பறிகொடுத்த வீடுகள் எங்கள் ஊரிலேயே உண்டு. எடுத்தே ஆகவேண்டுமென்றால் ஆறு மாதத் தவணைக் காசு தனியாக வைத்திருந்து எடுங்கள்.

பழையதைக் கொடுத்துவிட்டு இன்னொரு பழையதை வாங்கினால்?

உங்கள் வாகனத்தின் நோய் உங்களுக்குத் தெரியும். மற்றவருடையது தெரியாது. வாங்குவதற்கு முன் செசி நம்பரை உங்கள் கையால் துடைத்துப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். துரு தின்று நம்பர் வாசிக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றாமல் கையெழுத்து மட்டும் வைத்த பத்திரத்தோடு நாலைந்து கை மாறிய வாகனம் மலிவாக வரும், முதல் உரிமையாளரைத் தேடிப் பிடிப்பது உங்கள் தலையில் விழும். அடிப்பக்கம் முழுக்கப் புதுத் தார்ப் பூச்சாக இருந்தால் எதையோ மூடியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹைலக்ஸ் வீகோ போன்ற புதுமாதிரி டீசல் வாகனம் எங்கள் இடத்துக்கு ஒத்துவருமா?

இழுவை, சொகுசு எல்லாம் மேல். ஆனால் அதன் இன்ஜெக்டர்களுக்குச் சுத்தமான டீசல் வேண்டும். கலனில் நாட்கணக்காக வைத்திருந்து ஊற்றும் டீசலில் தண்ணீரும் தூசும் கலந்திருக்கும், பழைய எஞ்சின் இருமிக்கொண்டு ஓடும், இது ஓடாது. வீகோவின் 3.0 லீற்றர் 1கேடி எஞ்சினில் இன்ஜெக்டர் அடி வாசர் கசிந்தால் கரி ஒயிலில் கலந்து, ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். கவனிக்காமல் விட்டால் முழு எஞ்சினும் போகும். கணினி வைத்துப் பார்க்கத் தெரிந்த கராஜ் உங்களுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உள்ளூரிலேயே பிரித்துப் பூட்டக்கூடிய எஞ்சினுக்கு இங்கே இன்னும் மதிப்பு இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய ஊர் இது. அந்தக் கைகளில் பல இன்னும் கராஜ்களில் இருக்கின்றன.

வெள்ளத்துக்குள் போன வாகனம் சரிவருமா?

எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்தது. அச்சு வரை என்றால் பயமில்லை, ஆனால் டிஃபரன்ஷியல், கியர் பெட்டி ஒயிலைத் திறந்து பாருங்கள். சூடாக இருந்த பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது காற்றுத் துவாரத்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒயில் பால்போல் இருந்தால் உடனே மாற்றுங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கொன்ராட் தண்டுதான் வளையும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் தண்ணீர் வடிந்ததும் ஆர்வத்தில் சாவியைத் திருப்பியவர்கள் இதைச் சொல்வார்கள்.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றலாமா?

வேண்டாம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். ரேடியேற்றர் குழாய்களிலும் அதேதான் படியும். கூலன்ட் ஊற்றுங்கள். இரண்டு போத்தல் கூலன்ட் காசில் ஒரு ஹெட் தப்பும்.

எனக்குப் பிக்கப்தான் வேண்டுமா?

நல்ல கேள்வி, ஆனால் யாரும் கேட்பதில்லை. வருடத்தில் 20 நாள்தான் பெரிய பாரம் என்றால் அந்த 20 நாளுக்குக் கன்ரர் லொறி பிடியுங்கள். மிச்ச நாளுக்கு டிமோ பட்டா என்கிற சின்ன லொறியோ, வீட்டில் இருக்கிற உழவு இயந்திரமும் பெட்டியுமோ போதுமா என்று பாருங்கள்.

அப்பா வாங்கின வாகனம். செசி போய்விட்டது. விற்க மனம் வருகுதில்லை.

இதற்குக் கணக்கு இல்லை. 2009இல் உயிரைத் தவிர மற்றதெல்லாம் முள்ளிவாய்க்கால் பக்கம் விட்டுவிட்டு வந்த சனம் நாங்கள். கண்ணுக்கு முன்னால் வாகனத்தை விட்டு நடந்தவருக்கு, பிறகு வாங்கிய முதல் வாகனம் என்னவென்று எனக்குத் தெரியும். என்னுடையதும் அப்படித்தான்.

இருந்தாலும் உக்கின செசியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். முழு வாகனமாக ஓட்டத்துக்கு விற்கவும் வேண்டாம், வாங்குகிறவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் என் ஹைலக்ஸைப் பாகமாகக் கொடுத்தேன். எஞ்சின் விசுவமடுவில் ஒருவருக்குப் போனது, பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன், அவர் தன் புத்தகத்தில் பதிந்துகொண்டார். கியர் பெட்டி இன்னொருவருக்கு. செசியை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டு, பதிவை நீக்கப் புத்தகத்தை ஒப்படைத்தேன். பின்கதவை மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன், மாட்டுக்கொட்டிலுக்குப் படலையாக நிற்கிறது.